உந்துவண்டியின் குறையும் உரைக்கும் சொல்லும்

தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கு ஒலியைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சம் ஏற்படலாகாது. இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது, அடுக்குத்தொடர் பிரித்தாலும் பொருள் தரும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுபவன் நான். அத்தகைய நான் ஒரு நாள் கார்ப் பட்டறை ஒன்றின் வாயிலில் சொல்லற்று நின்றேன்.

“வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது” என்றேன். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி வந்த மெக்கானிக், வயதில் மூத்தவர், “என்ன சத்தம் சார்?” என்று கேட்டார். “ஒரு மாதிரியான சத்தம்” என்றேன்.

“ஒரு மாதிரின்னா எப்படி சார்? கீச்சுன்னு வருதா, கரகரன்னு வருதா, டக்டக்குன்னு வருதா? நேரா போறப்ப வருதா, திரும்புறப்ப வருதா? பிரேக்குல கால் வச்சா கூடுதா, நிக்குதா?”

ஒன்றுக்கும் என்னால் விடை கூற இயலவில்லை. “அப்ப அரை நாள் தேடணும். தேடுற நேரத்துக்கும் கூலி உண்டு சார்” என்று கூறிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை சற்று அதிகம். எனினும் அன்று முதல் என் வண்டி எழுப்பும் ஒலிகளையும் விடும் புகையையும் வீசும் நெடியையும் குறித்து வைக்கத் தொடங்கினேன். அக்குறிப்புகளின் விரிவே இக்கட்டுரை.

வண்டியைப் பழுது பார்ப்பது ஓட்டுபவரின் வேலையன்று. ஆனால் வண்டிக்கு என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது என்பதைப் பிசகின்றிச் சொல்வது அவருடைய வேலை. மருத்துவரிடம் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் கூறி அமர்ந்திருப்பவருக்கு மருந்து எழுதுவது எத்துணை அரிதோ, “வண்டி சரியில்லை” என்பவரின் வண்டியைத் திருத்துவதும் அத்துணை அரிது. சொல் தெளிவாக இருந்தால் கூலி மிஞ்சும். சில குறிப்புகளைக் காலத்தில் உணர்ந்து சொன்னால் உயிரும் மிஞ்சும்.

தொடங்குமுன் ஒரு சொல் பற்றிய குறிப்பு. சீருந்து என்றும் மகிழுந்து என்றும் அறிஞர்கள் நல்ல பெயர்களைச் சூட்டியுள்ளனர். வகுப்பில் நானும் அவ்வாறே கூறுகிறேன். ஆயினும் பட்டறையில் போய் “என் மகிழுந்து” என்று தொடங்கினால் பேச்சு அதற்கு மேல் நகராது. ஆகவே இங்குக் கார் என்றும் வண்டி என்றும் எழுதுகிறேன். தமிழில் கார் என்றால் மேகம் என்றும் மழைக்காலம் என்றும் பொருள்படும் என்பதை மாணவர் அறிவர். அம்மழையும் இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரவிருக்கிறது.

ஒலிகள்

உரிச்சொற்கள் இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றன் அடியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இம்மூன்றனுள் பட்டறைக்கு முதன்மையானது இசையே.

காலையில் சாவியைத் திருப்பியதும் ‘டக்டக்டக்’ என விரைந்து ஒலித்து, எஞ்சின் சுழலாது நின்றால், பேட்டரியில் ஆற்றல் குறைந்துள்ளது அல்லது அதன் முனைகளில் இணைப்புத் தளர்ந்துள்ளது என்று கொள்ளலாம். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, முகப்பு விளக்கும் மங்காமல் எரிந்தால், ஐயம் பேட்டரியை விட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் செல்ல வேண்டும். இவ்விரண்டு நிலைகளையும் நம் மக்கள் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்ற ஒரே தொடரால் குறித்துவிடுகின்றனர். விளைவு யாதெனில், பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவித் துடைத்தால் தீர்ந்திருக்க வேண்டிய குறைக்குப் புதிய பேட்டரி வாங்கியோர் பலர். அவர்களுள் நானும் ஒருவன்.

பிரேக்கை அழுத்தும்போது கேட்கும் ‘கீச்’ ஒலி பல வண்டிகளில் வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஒன்று. பிரேக் பேடின் ஓரத்தில் சிறிய உலோக நாக்கு ஒன்று உண்டு. பேடு தேய்ந்து மெலிந்ததும் அந்நாக்கு சுழலும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அவ்வொலியைப் பொருட்படுத்தாது ஓட்டினால் சில வாரங்களில் அது ‘கரகர’ என மாறும். அப்போது இரும்போடு இரும்பு உராய்கிறது என்று பொருள். கீச்சிடும் நிலையில் பேடை மாற்றினால் போதும். கரகரக்கும் வரை விட்டால் டிஸ்க்கும் சேர்ந்து போகும். மழையில் நின்ற வண்டி மறுநாள் காலை முதல் இரண்டு பிரேக்குகளில் உரசும் ஒலி எழுப்பிப் பின் அடங்கினால் அஞ்ச வேண்டுவதில்லை. டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு நீங்கும் ஒலி அது.

நேராகச் செல்லும்போது மௌனமாக இருந்து, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் முன்சக்கரப் பக்கம் ‘டக் டக்’ என்றால், ஆக்ஸிலின் வெளி மூட்டு தேய்ந்துள்ளது. அம்மூட்டைப் போர்த்தியுள்ள ரப்பர் உறை கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் வெளியேறி, மண் புகுந்ததன் விளைவு அது. உறை கிழிந்த அன்றே கண்டிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். வண்டு முரல்வது போன்ற ஒலி வேகத்தோடு கூடிக்கொண்டே போனால் அது சக்கர பேரிங் ஆகவோ டயராகவோ இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு மாறும்போது ஒலியும் மாறினால் அது டயரின் ஒலி. சாலை மாறியும் மாறாது, வளைவில் ஒரு பக்கம் பாரம் சாயும்போது மட்டும் கூடிக் குறைந்தால் அது பேரிங்.

மேட்டில் ஏறும்போது உயர்ந்த கியரிலேயே வண்டியை வற்புறுத்தினால் எஞ்சினுள் கிண்கிணி குலுங்குவது போல ஓர் ஒலி எழும். செவிக்கு இனிமைதான், எஞ்சினுக்கு நஞ்சு. எரிபொருள் உரிய கணத்துக்கு முன்பே, உரிய முறையின்றிப் பற்றிக்கொள்வதால் எழும் அவ்வொலியை ஓட்டுநர்கள் ‘நாக்கிங்’ என்பர். கீழ் கியருக்கு மாறினால் அடங்கும். அடங்காவிட்டால் காட்ட வேண்டும்.

புகையும் நெடியும் குறித்துச் சுருங்கக் கூறுவேன். சைலன்சரில் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதியாகச் செல்கிறது. அடர்ந்த வெண்புகை நிற்காது வந்து, அதில் இனிப்பு நெடியும் இருந்தால் கூலண்ட் எஞ்சினுள் கசிகிறது. அப்போது ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த தேநீர் போலத் தோன்றலாம். அவ்வாறு தோன்றின் வண்டியை ஓர் அடியும் ஓட்டாது இழுத்துச் செல்வதே முறை. ஆயில் கறுத்திருப்பது மட்டும் குற்றமன்று. எஞ்சினின் அழுக்கைத் தன்னுள் வாங்கிக் கறுப்பது அதன் கடமை.

வெப்பம்

கத்திரி வெயிலில் நெடுஞ்சாலை ஓரம் முகப்பு மூடியைத் திறந்து வைத்து, ஆவி எழும் எஞ்சினைச் சுற்றி நால்வர் நிற்கும் காட்சி நமக்குப் பழக்கமானது. அந்நால்வருள் ஒருவர் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போவார். அவரைத் தடுத்து நிறுத்துவது அருகில் நிற்பவரின் கடமை.

காரணம் இது. நீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோ ஒரு வால்வு. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் ஏறிய நிலையில் நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதியாது நிற்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் நீங்கி, அவ்வளவு நீரும் ஒருசேரக் கொதித்து முகத்தில் பாயும். பழுத்த ஓட்டுநர்களின் முன்கைகளில் இதற்கான தழும்புகளைக் காணலாம்.

செய்ய வேண்டியது யாது? வெப்பமுள் சிவப்பை நோக்கி நகர்வதைக் கண்டவுடன் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட வேண்டும். கோடையில் ஹீட்டரா என்று வீட்டார் முறையிடுவர். ஹீட்டர் என்பது டேஷ்போர்டின் உள்ளே இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் வெப்பத்தை வண்டிக்குள் கொட்டி எஞ்சினைச் சற்றுக் காக்கும். அதற்குள் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அரை மணி நேரமாவது காத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே மூடியைத் தொடலாம். காய்ந்த எஞ்சினின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டுவது கூடாது. சூடான கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டால் விரிசல் விழுவது போல எஞ்சின் தலைப்பகுதியும் விரிசல் காணும்.

“நம் ஊரில் நீர் உறைவதே இல்லையே, கூலண்ட் எதற்கு?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான வினா. உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு பணி மட்டுமே. அது கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது. அதனினும் பெரிது, அலுமினியமும் இரும்பும் ரப்பரும் கலந்த நீர்ப்பாதையை அரிப்பினின்று காக்கிறது. நம் கடற்கரை ஊர்களின் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் உப்பு மிகுந்தவை. சோறு வடிக்கும் பானையின் அடியில் எவ்வாறு வெண்படிவு கட்டுகிறதோ, அவ்வாறே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் கட்டும். சாலையோரக் குழாய் நீரை அவசரத்துக்கு ஊற்றலாம். ஊர் சேர்ந்ததும் முழுதும் வடித்துவிட்டு உரிய கூலண்டை வாலை நீரில் கலந்து ஊற்ற வேண்டும்.

மலையிறக்கம்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் அம்மலைக்குச் சென்று திரும்பினேன். ஏறும்போது வண்டி முனகியது. இறங்கும்போது சுமையே இல்லை என்று மகிழ்ந்து, மூன்றாம் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தியவாறே வந்தேன். பாதி வளைவுகள் கடந்திருக்கும். கருகல் நெடி வந்தது. முன்னே செல்லும் லாரியின் நெடி என்று எண்ணினேன். அடுத்த வளைவில் பிரேக் பெடல் பஞ்சு போலத் தரை வரை இறங்கியது. வண்டி வேகம் குறையவில்லை.

இரண்டாம் கியருக்கும் பின் முதல் கியருக்கும் இறக்கி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கம் வடிகால் ஓரத்தில் வண்டியை உரசி நிறுத்தினேன். பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். பின்னால் வந்த சரக்கு வண்டியின் ஓட்டுநர் இறங்கி வந்து, எங்கள் பின்சக்கரத்தின் கீழ் ஒரு கல்லை வைத்துவிட்டு, “எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லயே இறங்கணும் சார். பிரேக் நிறுத்துறதுக்கு, இறங்குறதுக்கு இல்ல” என்றார்.

நடந்தது இன்னதென்று பின்னர் விளங்கியது. பெடலை நாம் அழுத்தும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது ஒரு திரவம். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பின் அத்தாங்கும் அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நெடிய இறக்கத்தில் ஓயாது பிரேக் பிடித்தால் டிஸ்க்கின் வெப்பம் திரவத்துக்கும் ஏறும். திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க இயலாது, ஆவியை அமுக்கலாம். பெடலின் விசை முழுதும் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகிவிடச் சக்கரம் பிடிபடாது போகிறது. ஆறிய பின் குமிழிகள் மீண்டும் திரவமாகிப் பெடலும் இறுகும். எங்களுக்கும் ஒரு மணி நேரத்தில் அவ்வாறே இறுகியது. என் வண்டியின் பிரேக் திரவம் மாற்றப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது வண்டியுடன் வந்த கையேட்டிலேயே இருந்தது. கையேடு அலமாரியில் இருந்தது.

கைப்பிரேக் ஏன் பிடித்தது என்ற ஐயம் எழலாம். பெரும்பாலான வண்டிகளில் அது கம்பிவடத்தால் பின்சக்கரங்களை இழுப்பது, திரவத்தை நம்பியிருப்பதன்று. முழு வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் மட்டும் பின்சக்கரம் இறுகி வண்டி சுழன்றுவிடும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கார்புரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருக்கையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் செல்வது முற்றிலும் நின்றுவிடுகிறது; சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் நின்றுபோகாதிருக்கச் சிறிதளவு எரிந்துகொண்டே இருக்கும். ஆக நியூட்ரலில் இறங்குபவர் பெட்ரோலையும் இழக்கிறார். எஞ்சின் தரும் இலவசப் பிரேக்கையும் இழக்கிறார். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவோர் உண்டு. அவர்களுக்கு இரண்டு மூன்று அழுத்தலுக்குப் பின் பெடல் கல்லாகிவிடும்.

டயர் பற்றி ஒரு பத்தி போதும். கோடையில் டயர் வெடிக்கும் என்று அஞ்சிக் காற்றைக் குறைத்து ஓட்டுவோர் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. வெடிப்பது பெரும்பாலும் அதுவே. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவை, வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையில் நிரப்புவதே சரி. நைட்ரஜன் தான் வேண்டுமா என்பார்க்கு, நாம் நாளும் மூச்சிழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனே என்பது விடை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டை தேயாதிருந்தும் ரப்பர் முதுமையால் வெடிப்பு விட்டிருக்கும். ஸ்டெப்னியில் இது மிகுதி. ஸ்டெப்னி என்ற சொல்லின் ஊர் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரம். 1904ஆம் ஆண்டு வாக்கில் அங்குள்ள ஸ்டெப்னி தெருவில் உருவான மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. பிறந்த நாட்டில் வழக்கொழிந்த அச்சொல் நம் பஞ்சர் கடைகளில் உயிரோடு இருக்கிறது.

சபர் சென்றவர் வீட்டு வண்டி

நம் ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரித்துரைக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களின் தெருக்களில் உறை போர்த்திய கார்கள் மாதக்கணக்கில் நிற்பதைக் காணலாம். உரியவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். விடுமுறையில் வந்து, விமான நிலையத்திலிருந்து வீடு சேர்ந்த மறுநாளே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடும்பயணம் புறப்படுவார். ஓடாத வண்டி கெடாது என்பது அவர் எண்ணம். நிற்பதாலேயே கெடுவன பல.

பேட்டரி தானே வடியும். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் தட்டையாகும். இழுத்து வைத்த கைப்பிரேக் கடற்காற்றின் உப்பு ஈரத்தில் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். எலிகள் எஞ்சின் மேல் கூடு கட்டி வயரைக் கடிக்கும். “நாங்கள் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வைக்கிறோம்” என்று வீட்டார் கூறுவர். ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது நன்மையினும் தீமையே தரும். ஸ்டார்ட் செய்ய இழந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பி வருமுன் எஞ்சின் அணைக்கப்படுகிறது. எரிந்ததால் உண்டான நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடுகிறது. இரு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் சாலையில் ஓட்ட ஒரு நம்பகமானவர் இருந்தால் அதுவே சிறந்தது. ஆளில்லையெனில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்திக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டயரில் சற்று மிகுதியாகக் காற்று நிரப்பிச் செல்லலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை வேண்டா. உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். துணி உறையே தக்கது.

பெட்ரோல் பற்றியும் இப்போது வினா எழுந்துள்ளது. 2025ஆம் ஆண்டளவில் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலே பொது வழக்காகியது. எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் மைலேஜ் சற்றுக் குறைவதாகக் கூறுவோரின் கூற்று கற்பனையன்று. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் இதற்கேற்ற பொருள்களால் அமைந்தவை. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். எத்தனாலும் ஈரத்தை ஈர்ப்பது. கடற்கரை ஊரில் பாதித் தொட்டிப் பெட்ரோலுடன் ஆறு மாதம் நிற்கும் வண்டியில், வெற்றிடத்துக் காற்றின் ஈரம் எரிபொருளில் சேரும். சில மாத இடைவெளியெனில் தொட்டியை நிரப்பிவிட்டுச் செல்வது நலம்.

விடுமுறைக்கு வந்தவர் முதல் நாள் பேட்டரி, டயர், பிரேக் மூன்றையும் பட்டறையில் காட்டி, உள்ளூரிலேயே ஒரு நாள் ஓட்டிப் பார்த்த பின்னரே நெடுவழி செல்ல வேண்டும். ஒரு நாள் தாமதம் என்று முகம் சுளிக்கலாகாது.

வெள்ளமும் விற்பனையும்

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை எவரும் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாகியது. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையும், அதற்கு முன் 2015 டிசம்பரிலும் சென்னையும் மூழ்கின. மனித இழப்பின் முன் வண்டி பெரிதன்று. எனினும் பலரின் பல ஆண்டுச் சேமிப்பு அவ்வண்டியே.

வடிந்த பின் பலரும் செய்த பிழை, ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பியது. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றை அமுக்கி வெடிக்கச் செய்வது. காற்றின் இடத்தில் நீர் இருந்தால் அது அமுங்காது. எழும் பிஸ்டன் நீரில் மோதிக் கனெக்டிங் ராடு வளையும். மூழ்கிய வண்டியாகவே இருந்திருந்தால் கழுவி உலர்த்தி மீட்டிருக்கலாம். ஸ்டார்ட் செய்ததனால் எஞ்சினே போயிற்று. அவ்வாறு நேர்ந்த எஞ்சின் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு வேண்டும். நீரில் நின்ற வண்டியின் பேட்டரியைக் கழற்றி, படம் எடுத்து, காப்பீட்டாருக்குத் தெரிவித்து, இழுத்துச் செல்வதே வழி.

அவ்வண்டிகளுள் பல கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டுக் கைமாறின. இங்கே பழுதின் கேள்வி நாணயத்தின் கேள்வியாகிறது. நாட்டின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, பொருளின் தரத்தை ஆராயும் பொறுப்பை வாங்குபவரிடமே விடுகிறது. இசுலாமிய வணிக நெறியோ அறிந்த குறையை மறைத்து விற்பதை விலக்குகிறது. மறைந்திருந்த குறை பின்னர்த் தெரிய வந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவருக்கு அளிக்கிறது. கியாருல் ஐப் என்று ஃபிக்ஹு நூல்கள் அதனைக் கூறும். பழைய வண்டி விற்கும் நம்மவர் “உள்ளபடியே தருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறுவது வழக்கம். பார்த்தால் தெரியாத குறை ஒன்றைத் தாம் அறிந்திருக்கும்போது அச்சொல் போதுமா என்பதை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

என் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு பழைய வண்டி ஒன்றை வாங்க விரும்பினார். முன்பு என்னைச் சொல்லற்று நிற்க வைத்த அதே மெக்கானிக்கையே அழைத்துச் சென்றோம். வண்டி பளபளவென்று இருந்தது. உள்ளே நறுமணம் கமழ்ந்தது. அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. முன்னிருக்கையின் வாரைப் பிடித்து, இனி வாராது என்னும் வரை முழுதாக இழுத்தார். இருக்கை வாரை எவரும் முழுதாக இழுப்பதில்லை. ஆதலின் கழுவுபவர் கையும் அதன் அடிப்பகுதிக்குச் செல்வதில்லை. கடைசி ஒரு சாண் நீளத்தில் காய்ந்த சேற்றின் கோடு படிந்திருந்தது. அடுத்து இருக்கைத் தண்டவாளத்தின் கீழ் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி துருவால் சிவந்தது.

“தண்ணியில நின்ன வண்டியா பாய்?” என்று மெல்லக் கேட்டார்.

விற்க வந்தவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “இடுப்பளவு நின்னுச்சு. எனக்கு வித்தவரு சொல்லல. நானும் வாங்குன பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றார். உறவினர் அவ்வண்டியை வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அது பக்கத்து ஊரில் விலை குறைத்து விற்கப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். வாங்கியவரிடம் வாரை இழுத்துக் காட்டியவர் விற்றவரே என்றார்கள்.